நான் ஓகே போட்ட தண்ணீர்

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பித்துப் பழக்கம். ‘இங்கே’ என்றால் எந்த இடம், ‘எல்லோரும்’ என்றால் யார் யார் என்று இந்தப் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருப்பதால் அந்த வரி எழுத வரவில்லை. உன் அம்மாவும் நானும் சுகம். அவ்வளவுதான் என்னால் பொய்யில்லாமல் எழுத முடியும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிடுகிறோம், புது கம்பெனி ஓடைக்கரைக்குப் பக்கத்தில்தான், நம் காம்பவுண்டில் முன்வீடு காலியாகத்தானே இருக்கிறது, அங்கேயே குடிவருகிறோம் என்றாய். "அங்க வேண்டாம் கண்ணு" என்றேன். "ஏனுங்கப்பா?" என்றாய். வெளிச்சம் பத்தாது என்றேன். லைட் போட்டுக்கொள்ளலாம் என்றாய். கொசு என்றேன். வலை அடித்துக்கொள்ளலாம் என்றாய். எதற்கும் நீ மசியாமல் போகவே, "மருமக முழுகாம இருக்கறப்ப அந்தத் தண்ணி ஆகாது சாமி" என்று உளறிவிட்டேன். பிறகு, "அப்ப அங்க இருக்கற பத்துக் குடும்பத்துக்கு மட்டும் ஆகுமுங்களா?" என்று கேட்டாய். நான் ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கத்தி, சிக்னல் போய்விட்டது போல வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அறுபத்தாறு வயதில் பெற்ற மகனிடம் இப்படி நாடகம் போட்டதை உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறாவது இறங்கியிருக்கும்.

அந்தக் காம்பவுண்டு உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அது எட்டு வயதுப் பிள்ளையின் ஞாபகம். முன்னால் நம் வீடு, பின்னால் எதிரும் புதிருமாக ஐந்தைந்து அறைகள், நடுவே ஒரு வாசல், தகரக் கூரை, கடைசியில் ஓடை. நீ அங்கே கிரிக்கெட் விளையாடினாய், ஓடையில் பந்து விழுந்தால் எடுக்கப் பயந்து அழுதாய். சாயப்பட்டறைகள் எல்லாம் ஓடைக்கு மேல்பக்கம். அதில் ஒன்றில்தான் நான் லேப் மாஸ்டர். பள்ளத்து நிலம் மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிப்போட்டேன். அது ஏன் மலிவு என்று தெரியாதவனா நான்? அதில் ஓடுவது எங்கள் பட்டறைக் கழிவு. காலையில் ஓடையைப் பார்த்தே இன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். "இன்னிக்கு நேவி ஓடுதுங்க, நேத்து மெரூன்" என்று டீக்கடையில் அதை ஒரு வித்தை மாதிரி சொல்லிக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

உனக்கு விரலிடுக்கிலும் முழங்கால் மடிப்பிலும் அரிப்பு வந்தது. மருந்து தடவினால் ஒரு வாரம் நிற்கும், மறுபடி வரும். விறகு பாய்லர் புகைக்கு இருமலும் சேர்ந்துகொண்டது. உன் அம்மா ஒருநாள் குளிப்பாட்டிய ஈரத்தோடு உன்னைத் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தி, "இந்தத் தண்ணிய இன்னொரு நாள் எம்புள்ள மேல ஊத்த மாட்டேனுங்க" என்றாள். இரண்டே மாதத்தில் பூண்டிப் பக்கம் மேட்டில் வீடு பார்த்து வந்துவிட்டோம். அங்கே குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தது, தெருவில் மரம் இருந்தது, சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. மாதம் திரும்புவதற்குள் உன் அரிப்பு போய்விட்டது. குடியிருந்தவர்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "ஸ்கூல் வேன் அந்தப் பக்கந்தானுங்க வருது" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர்கள் பிள்ளைகளும் அதே தண்ணீரில் குளித்துச் சொறிந்துகொண்டுதான் நின்றிருந்தன. ஒரே ஒருவரிடமாவது உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்காக நல்ல இடம் தேடிப் போனதை நான் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. எதற்குப் போகிறோம் என்பதை மறைத்துக்கொண்டு போனதைத்தான் நினைத்து நினைத்துக் குன்றிப்போகிறேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

நாம் வந்து சில வருடங்கள் கழித்துப் பட்டறைகளுக்குக் கெடுபிடி வந்தது, சுத்திகரிப்பு வந்தது, ஓடையில் கலர் நின்றது. நம் போர்வெல்லில் முன்பு லேசாக ஒரு சிவப்பு தட்டும், அதுவும் தெளிந்துவிட்டது. அதுவரை காம்பவுண்டுப் பெண்கள் குடிக்கிற தண்ணீருக்கு மெயின் ரோட்டுக் குழாய் வரைக்கும் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து, வரிசையில் நின்று, சுமந்து வரவேண்டும். அவர்கள் என்னிடம் வந்து, "மாஸ்டர், இப்ப தண்ணி நல்லாத் தெளிஞ்சிருச்சுங்க, குடிக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். கண்ணு, அவர்கள் வீட்டுச் சொந்தக்காரனிடம் கேட்கவில்லை. சாயம் தெரிந்தவனிடம் கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனேன். துணித்துண்டை வைத்துச் சாயத்தின் ஷேடு, அதாவது நிறச் சாயல், பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தேன். பக்கத்தில் கேன் தண்ணீர் ஒரு குடுவை. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம் என்று மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மயிரிழை வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துத் துணியைத் திருப்பி அனுப்புகிற கண் என்று பட்டறையில் எனக்குப் பெயர். அந்தக் கண் பார்த்துவிட்டது, வித்தியாசம் இல்லை. காம்பவுண்டுக்கு வந்து, நிறம் ஒத்துப்போன துணித்துண்டில் எழுதுகிற மாதிரியே, போர்வெல் தண்ணீர் ஏறும் தொட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் ‘ஓகே’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். பெண்கள் கைதட்டினார்கள்.

உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் செய்ததை மன்னிக்க முடியாது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். ஒவ்வொரு நாளும் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டச் சொல்லிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். சாயத்தைப் பிரித்துவிடலாம், உப்பு லேசில் போகாது, இத்தனை வருடம் ஓடையில் ஓடியது மண்ணுக்குள் இறங்கித்தான் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். உப்புக்கு ஷேடு கிடையாது. அது என் லைட் பாக்ஸில் தெரியாது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், கரித்தது. "கொஞ்சம் கரிப்பா இருக்குமுங்க, பழகிக்கும்" என்றேன். மெயின் ரோட்டிலிருந்து காம்பவுண்டுக்குக் குழாய் இழுக்க எழுதிப்போட்டு அலைய வேண்டுமே என்ற சோம்பலும் அதற்குள் இருந்தது. என் கண்ணைப் பத்துப் பேர் நம்பிக் கேட்கிறார்களே என்ற தலைக்கனமும் இருந்தது. அதன்பிறகு நான் மாதம் ஒருமுறை அங்கே போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். யாராவது சொம்பு நீட்டினால், "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பேன். ஓகே போட்டவன் ஒரு நாள்கூட அதைக் குடிக்கவில்லை.

பாண்டியம்மாவை உனக்குத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே நம் காம்பவுண்டுக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் புருஷன் முத்துராசு அயர்ன் மாஸ்டர். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் முதல்முறை மாசமாக இருந்தாள். ஐந்தாவது மாதத்திலேயே கால் வீங்கியது, பிரஷர் ஏறியது. சுகாதார நிலையத்து நர்சம்மா, உப்பைக் குறை, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர்கள் சொன்னதை அந்தப் பெண் அப்படியே செய்தாள். உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் தின்றாள். தாகம் வந்தால் சொம்பு சொம்பாகக் குடித்தாள், நான் ஓகே போட்ட தொட்டியிலிருந்து. நான் ஒருநாள் போயிருந்தபோது, "உப்பே ஆகாதுன்னுட்டாகய்யா, நாக்கு செத்துப்போச்சு" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். என் கையில் என் பாட்டில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. அவளைக் காப்பாற்றினார்கள், குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். முத்துராசு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "ஏன்யா இப்படி ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததைக் கேள். "நீங்க தெக்கத்திக்காரங்க கருவாட்ட விட மாட்டீங்க தம்பி. அதுல இருக்கற உப்பு போதாதுங்களா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பேச்சை ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவன் அம்மா அவளை, நாக்கு ருசிக்குப் பிள்ளையைத் தின்றவள் என்று சொல்லிவிட்டாளாம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்தும் சும்மா இருந்தேன். தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, இந்த மாதிரி நோவுக்குப் பல காரணம் இருக்குமாம். யாராலும் சொல்ல முடியாது என்பதற்குப் பின்னால்தான் நான் நாலு வருடமாக ஒளிந்திருந்தேன்.

இங்கே நம் தெருவில் காலையில் எட்டுப் பேர் சேர்ந்து நடக்கிறோம். சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேசிக்கொள்வோம். ஓடைக்கரைக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கண்டதைத் தின்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நானும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டுவேன். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ராத்திரி தூக்கம் வராது என்பதும், நடக்க அங்கே ஒரு தெரு கிடையாது என்பதும், ஒரு கட்டுக் கீரை வாங்கக்கூட ரோட்டுக்கு வரவேண்டும் என்பதும் அந்த எட்டுப் பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தக் கூரையைப் போட்டவனே நான்தானே. நமக்கு உடம்பு நன்றாக இருப்பதற்கு நம் ஒழுக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வது ரொம்ப சுகமாக இருக்கும் கண்ணு. உனக்கும் அந்தச் சுகம் பழகிவிடக்கூடாது. நீ வீடு பார்க்கும்போது குழாயில் என்ன வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வயதானவர்கள் வெளியே நடக்கிறார்களா என்று பார். அதோடு, அந்த வீட்டை யார், எதற்காகக் காலி செய்தார்கள் என்றும் விசாரித்துவிடு. என்னைப் போன்றவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள், கேட்டாலும் ஸ்கூல் வேன் என்பார்கள்.

இப்போது பாண்டியம்மா மறுபடி மாசமாக இருக்கிறாள். உன் அம்மா மருமகளின் வளைகாப்புக் கட்டுச்சோற்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கே பாண்டியம்மா அதே தொட்டியில் குடம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இது உன் போன் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நீ கேட்ட பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் போய் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில் கொடுத்தேன். வியாழக்கிழமை ரிசல்ட் வாங்கப் போனால், அங்கே இருந்த பெண் தாளை நீட்டிக்கொண்டே, "இது எந்தப் பட்டறையோட வேஸ்ட் வாட்டருங்க சார்?" என்று கேட்டாள். குடிக்கிற தண்ணீர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "நம்ம பட்டறைதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொல்லி வெட்கத்தை மறைக்கிற பழக்கம் அவ்வளவு லேசில் போகவில்லை. அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

நேற்று முன்தினம் ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் காம்பவுண்டுக்குப் போனேன். தொட்டி மேல் ஏறி, எழுதியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். என்ன என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வாசலில் நின்று சொல்லிவிட்டேன். "இந்தத் தண்ணிய இனி குடிக்காதீங்க. சமைக்கவும் வேண்டாம். உப்பு ரொம்ப இருக்குது. அன்னிக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, மறைச்சுட்டேன்." முத்துராசு பக்கத்து அறையில் இருக்கும் பீகார்க்காரரிடம், "பாய், பானி கராப்" என்று இந்தியில் திருப்பிச் சொன்னான். அவர் தன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். முதலிலிருந்தே குடியிருக்கும் குன்னத்தூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க மாஸ்டர், நீங்கதானுங்க ஓகே போட்டது?" என்றார். "ஆமாங்க, நான்தானுங்க." "சென்னைத் தம்பி முன்ஊட்டுக்கு வருதுன்னு சொன்னாங்களே, வருதுங்களா?" என்று அவரே கேட்டார். "இல்லீங்க. மருமக முழுகாம இருக்குது. இந்தத் தண்ணி ஆகாதுன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றேன். குன்னத்தூர்க்காரர் தொட்டிக் குழாயை இறுக்கி மூடினார். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

பாண்டியம்மா கதவோரமாக நின்றிருந்தாள். "அப்ப கருவாட்டுனால இல்லையாய்யா?" என்றாள்.

அது எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் கருவாடு என்று நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவள் புருஷன் பக்கம் திரும்பி, "கேட்டீகளா?" என்றாள். முத்துராசு உள்ளே போய்விட்டான். இந்த நாலு வருடத்தில் அவள் கருவாட்டைக் கையால் தொட்டதில்லையாம். பக்கத்து அறைப் பெண் சொன்னாள்.

பிரசவம் வரைக்கும் நம் மாடி அறையில் வந்து இருங்கள் என்று அவளைக் கூப்பிட்டேன். "பத்து வீட்டையும் மாடியில வைக்க முடியுமாய்யா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். இப்போதைக்குப் பத்து வீட்டுக்கும் கேன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். நேற்று மாநகராட்சி ஆபீசுக்குப் போய்க் குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர், "மெயின் லைன் ரோட்டு மேலயே போகுதே, இத்தன வருசமா ஏனுங்க கேக்கல?" என்றார். இதெல்லாம் நான் செய்துவிட்ட பெரிய காரியம் என்று உன் மனதில் ஏற்றிவைக்க எழுதவில்லை. நீ வந்து பின்னால் நின்று விரட்டாவிட்டால் நான் மறுபடி சோம்பிப் போவேன், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காம்பவுண்டு கேட் வரைக்கும் பாண்டியம்மா பின்னாலேயே வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "மருமகளுக்கு எத்தன மாசம்யா?" என்று கேட்டாள். அஞ்சு என்றேன். "எனக்கு ஆறு" என்றாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு வரட்டும்யா" என்றாள். நிஜமாகவே மனசாரச் சொன்னாள் கண்ணு. ஒரு பிள்ளைத்தாய்ச்சி அப்படிச் சொன்னால், உனக்கும் ஒரு குறையும் வராது தாயே என்று பெரியவர்கள் பதிலுக்குச் சொல்வோம் இல்லையா, அது என் வாய் வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, சொல்லாமலே வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா